இடைவேளையில் எழுந்து போனவர்கள்

பந்தயம் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. கடைசி ஊதல் ஊதும் வரையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வகை. தம் கக்ஷி சற்றுப் பின்தங்கியதுமே, "இனி என்ன இருக்கிறது?" என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறவர் மற்றொரு வகை. 2016-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி, உலகக் கோப்பைக் கபடியின் இறுதிப் பந்தயம் அகமதாபாத்தில் நடந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியைப் பாதியில் நிறுத்தினவர்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களை அதிகமாகக் குறை சொல்வதற்கும் இல்லை. இடைவேளையின்போது ஈரான் 18, இந்தியா 13.

ஐந்தே எண்கள்தானே என்று கேட்கலாம். அந்த ஐந்தின் கனத்தை அறிய வேண்டுமானால் பதினைந்து நாள் பின்னோக்கிப் போக வேண்டும். அக்டோபர் 7-ந் தேதி, பந்தய வரிசையின் முதல் ஆட்டத்திலேயே, தென் கொரியா 34-32 என்ற கணக்கில் இந்தியாவைத் தோற்கடித்திருந்தது. அதுவும் எப்படி? பின்தங்கியிருந்த கொரியர்கள் கடைசிக் கட்டத்தில் எட்டிப் பிடித்து, தாண்டியும் போய்விட்டார்கள். சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், நம் விளையாட்டு என்று நாம் மார்தட்டிக் கொள்கிற ஒன்றில் நேர்ந்த அபஜயம் அது. இறுதிப் பந்தயத்திலும் அப்படி ஒன்று நேர்ந்திருந்தால் என்ன சொல்லித் தேற்றிக் கொண்டிருப்போமோ, தெரியாது.

போளூரில் இருந்து கொண்டு இதை எழுதும் நமக்குக் கபடியை விடச் சடுகுடு என்ற பெயரே வாயில் வருகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுக்காகப் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். கொஞ்சம் மண்ணும் சுண்ணாம்புக் கோடும் போதும். கூடைப்பந்தாட்டத்துக்குக் கம்பம் நட வேண்டும், வளையம் மாட்ட வேண்டும். அமெரிக்காவில் 1891-ல் பிறந்த அந்த ஆட்டமும் நல்ல ஆட்டமே. அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கம் அன்று. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கூடைப்பந்தில் எவ்வளவு பின்தங்கினாலும் களத்தில் ஐந்து பேருக்கு ஐந்து பேர் என்ற கணக்கு மாறுவதில்லை. சடுகுடுவில் அடிபடும் கக்ஷிக்கு எண்களோடு ஆட்களும் போய்விடுகிறார்கள். ஏழு பேர் ஆறாகி, நான்காகி, இரண்டாகிறார்கள். தோற்றுக் கொண்டிருப்பவன் குறைந்த பலத்தோடு போராடியாக வேண்டும்.

இது கொடுமையான விதி என்று தோன்றும். ஆயினும் அதே விதிக்குள் கருணையும் இருக்கிறது. எதிரியில் ஒருவனை வெளியேற்றினால், நம்மவரில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவன் எழுந்து உள்ளே வரலாம். மாண்டவர் மீளும் விளையாட்டு இது. மேலும், ஒரு கக்ஷி முழுவதையும் வெளியேற்றினால் 'லோனா' என்று இரண்டு எண்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. எதிரில் இரண்டே பேர் மிஞ்சியிருக்கும்போது பாடிப் போகிறவன் இருவரையும் தொட்டுத் திரும்பினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டதற்கு இரண்டு, லோனாவுக்கு இரண்டு, ஆக நான்கு எண்கள். முப்பது விநாடிக்குள் நடந்து முடிந்துவிடும் காரியம்! துடைத்தெறியப்பட்ட கக்ஷியும் சும்மா போவதில்லை. அதன் ஏழு பேரும் மறுபடி களம் இறங்குகிறார்கள். ஆகையினால்தான் இந்த ஆட்டத்தில் ஐந்து எண் முன்னிலை என்பது மலை போலவும் இருக்கும், மணல்மேடு போலவும் இருக்கும். எதுவாக இருக்கும் என்பது பிற்பாதியில்தான் தெரியும்.

அன்றைய பிற்பாதியில் தெரிந்தது. இருபது நிமிஷங்களில் ஈரான் சேர்த்தது 11 எண்கள். இந்தியா சேர்த்தது 25. இமாசலப் பிரதேசத்து அஜய் தாகூர், தவளை போல் எம்பிப் பிடிக்க வருகிறவர்களின் தலைக்கு மேல் தாவித் தப்புகிற வித்தையில் பெயர் பெற்றவர். அந்தப் பந்தயத்தில் அவர் மட்டும் 12 எண்கள் ஈட்டினார். தலைவர் அனுப் குமார் ஹரியானாக்காரர்; ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முகத்தில் பதற்றம் காட்டாதவர் என்று பிரசித்தி. முடிவில் இந்தியா 38, ஈரான் 29. சற்று முன் ஐந்து எண் பின்தங்கியிருந்தவர்கள் ஒன்பது எண் வித்தியாசத்தில் ஜயித்தார்கள்.

அந்தக் கோஷ்டியில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார். தஞ்சை ஜில்லாத் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். அப்போது நாற்பது வயதைக் கடந்தவர்! இளைஞர்களே மூச்சு வாங்கி நிற்கும் களத்தில் அவ்வயதில் ஒருவர் காலூன்றி நின்றார் என்பதை, முப்பதிலேயே மாடிப்படி ஏறத் தயங்கும் நம்மவர் சற்று யோசிக்கலாம். சக ஆட்டக்காரர்கள் அவரை 'அண்ணா' என்றே அழைப்பது வழக்கம். வடநாட்டார் வாயிலும் அந்தத் தமிழ்ச் சொல் ஏறியதில் நமக்கு ஒரு திருப்தி.

ஈரானியரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2004, 2007, 2016 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் இறுதியில் எதிர்நின்று தோற்றவர்கள் அவர்களே. அவர்களில் பலர் நம் நாட்டுத் தொழில்முறைப் பந்தயங்களில் ஆடி நம்முடைய நெளிவுசுளிவுகளைக் கற்றுக் கொண்டவர்கள். இடைவேளையில் எழுந்து போகும் சுபாவம் அவர்களுக்கும் இல்லை போலும். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், அதுவரை எவருக்கும் தங்கத்தை விட்டுக் கொடாத இந்திய ஆடவரை அரையிறுதியிலேயே 27-18 என்று வென்று, தங்கத்தையும் கொண்டு போனார்கள். நாம் அதைத் திரும்பப் பெற ஐந்து வருஷம் ஆயிற்று. 2023-ல் சீனத்து ஹாங்ஜோ நகரில், ஒரு எண்ணைப் பற்றிய தகராறினால் ஆட்டமே நெடுநேரம் நின்று போய், பிறகு தொடர்ந்து, 33-29 என்று முடிந்தது. அன்றும் எதிரில் நின்றவர்கள் ஈரானியரே.