எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

1987 ஜூலை 5இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம்மீது வெடிமருந்து லொறி மோதியது. புலிகளின் முதலாவது தற்கொலைத் தாக்குதல் அதுதான்.

போர்த்தந்திரம் படிப்போர் ரொபர்ட் பேப்பின் 'டையிங் டு வின்' (2005) நூலைத் தவறவிடக்கூடாது. 1980 முதல் 2003 வரையான 315 தாக்குதல்களை எண்ணி, 76 புலிகளுடையவை என்கிறார். மார்க்கமல்ல, நில ஆக்கிரமிப்பே மூலகாரணம் என்பது அவர் முடிவு. இஸ்லாத்தின்மீது பழி போடுறவங்களுக்கு நல்ல பதில்தான். ஆனா, தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் எண்ணினால் காரணம் நிறுவப்படாது என்று 2008இல் ஸ்கொட் ஆஷ்வர்த் முதலியோர் மறுத்தனர்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். அது தற்கொலைத் தாக்குதலல்ல. அந்த எண்ணிக்கையில் வராது. எந்தத் தரவைக் கண்டாலும் முதல்ல கேளுங்க: இதில் எதை எண்ணவில்லை?