உஷார்! ஓடைத் தண்ணீர் சொல்லிவிட்டு வராது

ஞாயிற்றுக்கிழமை காலை புனே கட்கி ஸ்டேஷனில் லோனாவ்ளா லோக்கலுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே மழைக்காலம் வந்துவிட்டது தெரிந்துவிடும். ஒரு தோளில் புளிசாதப் பை, இன்னொரு தோளில் மாற்றுத்துணி, இடுப்பில் தூக்கம் கலையாத பிள்ளை. அப்படி நின்றுகொண்டிருந்த எங்கள் தெரு அக்காவிடம் "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"புஷி டேமுக்குத்தான் தம்பி. படிக்கட்டுல கூட்டமா இருந்தா மேல அருவிக்குப் போயிடுவோம். பசங்க ஒரு மாசமா உசிரை வாங்குறாங்க."

மேல அருவி என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2024 ஜூன் 30. அன்றும் ஞாயிறுதான். புனேயிலிருந்து போன ஒரு குடும்பம் புஷி அணைக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் அந்த அருவியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. திடீரென்று தண்ணீர் கூடியது. நடுப்பாறையில் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள், சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் பாறை காலியாகிவிட்டது. சிலர் எப்படியோ கரையேறினார்கள். 36 வயதுப் பெண் ஒருவரும் 13, 9, 8, 4 வயதுக் குழந்தைகள் நால்வரும் போய்விட்டார்கள். அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம், "ஐயோ பாவம்" என்று நாலு பேருக்கு அனுப்பினோம். அடுத்த வருஷம் அதே லோக்கலில் ஏறினோம்.

அவர்கள் குடித்துவிட்டு ஆட்டம் போட்டவர்கள் இல்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் நனைய வைக்கப் போன குடும்பம். நாமும் அதற்குத்தானே போகிறோம்? "நாங்க ஜாக்கிரதையா இருப்போம்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. புனே நகரத்தில் ஒரு வருஷத்துக்கே பெய்வது சுமார் 700 மில்லிமீட்டர். ரயிலில் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லோனாவ்ளாவில் அது வழக்கமாக நாலாயிரத்தைத் தாண்டும். கட்கி பஜாரில் குடை விரிக்கவே தேவையில்லாத தூறல் விழும் நாளில் அங்கே மலையே கரைகிற மாதிரி கொட்டிக்கொண்டிருக்கலாம். லோனாவ்ளாவிலேயே கூட, நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், இரண்டு மலை தாண்டி மேகம் உடைந்து ஊற்றும். சஹ்யாத்ரி கருங்கல் மலை. மேலே மண் கொஞ்சம்தான், அது நனைந்து முடிந்தால் அப்புறம் விழுகிற சொட்டெல்லாம் வழிந்து ஓடைக்குத்தான் வரும். புனல் மாதிரி குறுகிய ஓடை. கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் சில நிமிஷத்தில் இடுப்புக்கு ஏறிவிடும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. முழங்கால் அளவு வேகமாக ஓடினாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். நமக்கு முழங்கால் என்பது நாலு வயசுப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட இடுப்பு.

குற்றாலத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இன்னொரு தைரியம் உண்டு. அங்கே தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் அடிப்பார், கயிறு கட்டுவார், அருவியையே மூடிவிடுவார்கள். அத்தனை ஏற்பாடு இருந்தும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துப்போனது. லோனாவ்ளா பக்கத்து ஓடை ஒவ்வொன்றுக்கும் யார் வந்து விசில் ஊதப்போகிறார்கள்?

தண்ணீரிலேயே இறங்கமாட்டோம், தள்ளி நின்று வேடிக்கைதான் பார்ப்போம் என்கிறீர்களா? குண்ட்மளாவில் அன்று பாலத்தில் நின்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். 2025 ஜூன் 15, மறுபடியும் ஞாயிறு, மதியம். இந்திராயணி ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம். ஆபத்தானது என்று அறிவிப்புப் பலகை இருந்தது. அதையும் தாண்டி நூறு பேருக்கு மேல் ஏறி நின்றார்கள், பைக்கையும் ஓட்டிக்கொண்டு போனார்கள், செல்ஃபி எடுத்தார்கள். பாலம் முறிந்து விழுந்தது. 4 பேர் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் காயம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஐந்தாவது பட்டாலியன் முகாமே அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சுதும்பரேயில்தான் இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான்கு உயிர் போனது. குண்ட்மளாவுக்கு நம் லோக்கலில் பேக்டேவாடியில் இறங்கினால் போதும். அவ்வளவு கிட்டே.

பாலம் பலவீனமா இல்லையா என்று ஆராய நாம் எஞ்சினீயர் இல்லை. ஆனால் குறுகலான பாலத்தில் கூட்டம் அசையாமல் நின்று வேடிக்கை பார்க்கிறதென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர எஞ்சினீயர் ஆக வேண்டியதில்லை.

இதெல்லாம் லோனாவ்ளா கதை, நாங்கள் கட்கியை விட்டு நகர்வதே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் முளா ஆற்றங்கரையில் பையன்கள் தூண்டில் போடுகிறார்கள், கிரிக்கெட் பந்து உருண்டால் தண்ணீர் ஓரம் வரை ஓடுகிறார்கள். பவனா ஆறு முளாவோடு கலப்பது எதிரே தாபோடியில். அப்படியென்றால் மேலே முளாவின் முள்ஷி அணையில் திறந்தாலும் பவனா அணையில் திறந்தாலும் இரண்டு தண்ணீரும் ஹோல்கர் பாலத்துக்கு அடியில்தான் வந்தாகவேண்டும். அணையைத் திறந்து சில மணி நேரம் கழித்து இங்கே ஏறும். அப்போது கட்கியில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் இருக்கும். ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிற இடத்தில் கரை எது, ஆழம் எது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

சரி, பிள்ளைகளை வீட்டிலேயே பூட்டி வைக்கச் சொல்கிறேனா? அதற்கு அந்த அக்காவே என்னை அடிப்பார். போங்கள். ஆனால் ஓடும் தண்ணீருக்குள் பிள்ளையை இறக்காதீர்கள். கரையோரம் நனைந்தாலும் நனைவதுதான். வழி தெரிந்த கரையில், திரும்பி ஓட இடம் விட்டு, நில்லுங்கள். நடுப்பாறை வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஏறினால் அது தீவு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கண்டிப்பாக வேண்டும். அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக் கூடாது. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் மேலே ஏறுங்கள். ஆயிரம் ரூபாய் டப்பா போனால் போகட்டும். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். துப்பட்டாவோ கயிறோ, மூடி போட்ட காலி கேனோ எறியுங்கள்.

அங்கே மக்காச்சோளம் சுட்டு விற்கிற பாட்டியிடம் கேளுங்கள், "பாணி வாட்ல கா?" (தண்ணீர் கூடிடுச்சா?) என்று. நமக்கு மராத்தி தெரியாதா என்ன! மலையின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு நம் செல்போனுக்குத் தெரியாது. அவர் கடையைச் சுருட்டுகிறார் என்றால் நீங்களும் சுருட்டுங்கள்.

கைக்குழந்தையும் ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளையும் இருக்கிற வீடென்றால், என் அபிப்பிராயம், ஜூலை ஆகஸ்டில் அருவிப் பக்கமே போகாதீர்கள். ஏரவாடா ஆகா கான் மாளிகையில் எவ்வளவு பெரிய புல்வெளி! கஸ்தூர்பா 1944இல் கண்மூடிய இடம், பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொன்ன மாதிரி ஆகும். கேம்ப்பில் எம்ப்ரஸ் கார்டன் இருக்கிறது, காத்ரஜில் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. மழையில் நனைய வேண்டுமா, மொட்டைமாடி இருக்கிறது, இடி இல்லாத நேரமாகப் பார்த்து.

எங்கள் தெரு அக்கா அன்று லோக்கலில் ஏறத்தான் செய்தார். "கரையிலேயே நிப்போம்டா, சத்தியமா" என்றார். சாயங்காலம் அவர்கள் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன்.

இந்த ஞாயிறு கிளம்புகிறவர்கள் மாவட்டக் கலெக்டரின் தடை உத்தரவு அந்த இடத்துக்கு இருக்கிறதா, வானிலை மையம் ஆரஞ்சோ ரெட்டோ சொல்லியிருக்கிறதா என்று சனிக்கிழமை ராத்திரியே பார்த்துவிடுங்கள். சொல்லியிருந்தால் புளிசாதத்தை வீட்டிலேயே சாப்பிடுங்கள். அவசரத்துக்கு 112.