சேற்றில் தங்கிய கதிரியக்கம்

இங்கிலாந்தின் கம்ப்ரியா கடற்கரையில் உள்ள செல்லாஃபீல்டு அணு மையம், 1952 முதல் கதிரியக்கம் கலந்த கழிவுநீரைக் குழாய் வழியே ஐரிஷ் கடலில் விட்டது. 1970-களின் நடுவில் அந்த வெளியேற்றம் உச்சத்தைத் தொட்டது. பிறகு சுத்திகரிப்பு ஆலைகள் வந்ததால் வெளியேற்றம் பெருமளவு குறைந்தது. ஆனால், அன்று கலந்தவற்றில் ஒரு பங்கு இன்னும் கரையோரச் சேற்றில் இருக்கிறது.

சேறு எப்படிப் பிடித்துவைக்கிறது?

மையத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் ரேவன்கிளாஸ் கழிமுகம் இருக்கிறது. ஓதம் ஏறும்போது கலங்கல் நீர் உப்புச் சதுப்பின் செடிகளுக்குள் புகுகிறது. அங்கே நீரோட்டம் தளர்ந்து, நுண்ணிய வண்டல் படிகிறது. கழிவில் இருந்த சீசியமும் புளுட்டோனியமும் மணலைவிடக் களிமண் துகள்களில்தான் அதிகம் ஒட்டும். சதுப்பைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால், அதிகக் கதிரியக்கமுள்ள பழைய அடுக்கு மேற்பரப்புக்குக் கீழே புதைந்திருப்பது தெரியும்.

எத்தனை காலம் நீடிக்கும்?

சீசியம்-137 பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டுகள் ஆகும். அமெரிசியம்-241க்குச் சுமார் 432 ஆண்டுகள். புளுட்டோனியம்-239க்குச் சுமார் 24,100 ஆண்டுகள். புளுட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியமாக மாறுவதால், புதிய கழிவு சேராமலே பழைய சேற்றில் அமெரிசியம் கூடவும் செய்யும்.

உடலை எப்படி எட்டுகிறது?

சீசியத்தின் காமா கதிர், சேற்றில் நெடுநேரம் நிற்பவரை வெளியிலிருந்தே தாக்கும். உணவோடு உள்ளே போனால் சீசியம் தசைகளில் பரவி, சில மாதங்களில் பெரும்பாலும் வெளியேறிவிடும். புளுட்டோனியம், அமெரிசியம் ஆகியவற்றின் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். ஆனால் அவை மூச்சிலோ உணவிலோ உள்ளே போய் ரத்தத்தில் கலந்தால், எலும்பிலும் கல்லீரலிலும் பல ஆண்டுகள் தங்கிப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். கடல் நத்தைகளையும், நீரை வடிகட்டி உண்ணும் சிப்பிகளையும் அதிகம் சாப்பிடுவோரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

பயப்பட வேண்டுமா?

பொதுமக்களுக்கான ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பு 1 மில்லிசீவர்ட். செல்லாஃபீல்டு பகுதியில் ஆண்டுதோறும் மீன், சிப்பி, வண்டல் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். அண்மைக் கணக்குகளில் மக்கள் பெறும் அளவு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. அருகிலுள்ள சீஸ்கேல் ஊரில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை 1984-இல் அரசுக் குழு உறுதிசெய்தது. ஆனால், கணக்கிடப்பட்ட கதிர்வீச்சு அளவு அதற்குக் காரணமாகப் போதாது என்பதே அக்குழுவின் மதிப்பீடு.

செய்ய வேண்டியது

சதுப்பில் மண் அரிப்பு ஏற்பட்டால் புதைந்த அடுக்கு மீண்டும் வெளிப்படலாம். ஆகவே வெளியேற்றம் குறைந்ததைக் காட்டிச் சோதனையைக் குறைக்கக் கூடாது. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். சேற்றில் விளையாடிய குழந்தைகளின் கைகளைச் சாப்பிடும் முன் கழுவிவிடுங்கள். அளவீட்டு முடிவுகளைக் கேட்டுப் பெறுவது கரையோர மக்களின் உரிமை; அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.