கார் கூரையில் கயாக்... கயிற்றை எடுப்பதற்கு முன் இதைப் படிங்க!

விடுமுறை நாள் விடியற்காலையில் ஈ.சி.ஆர் பக்கம் போகிறவர்களுக்கு எப்போதாவது இந்தக் காட்சி கண்ணில் படும். ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். அதன் தலைமேல் காரின் நீளத்துக்கே மஞ்சள் நிறத்தில் ஒரு கயாக். பார்க்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் காருக்குப் பின்னாலேயே குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருவர் பைக்கில் வருவார். அவருக்கும் அந்த 28 கிலோ பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருப்பது, நீங்கள் போட்ட கட்டு ஒன்றுதான்.

சொந்தமாக கயாக் வாங்குகிற பலரும் துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் அதை எப்படிக் கொண்டுபோவது என்பதை மட்டும் கடைசி நேரத்தில்தான் யோசிப்பார்கள். நீங்களும் அந்த ரகம் என்றால், இது உங்களுக்குத்தான்.

கூரை எவ்வளவு தாங்கும்?

முதலில் காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். கூரையில் அதிகபட்சம் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் இருக்கும். இது காருக்குக் கார் மாறும். உங்கள் மாடலுக்கு அப்படி எதுவுமே சொல்லப்படவில்லை என்றால், சர்வீஸ் சென்டரில் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

ஒரு பேச்சுக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இது கயாக்குக்கு மட்டுமான கணக்கு இல்லை. குறுக்குக் கம்பிகள் 6 கிலோ, கயாக்கைத் தாங்கும் பிடிப்பான்கள் 4 கிலோ, கயாக் 28 கிலோ. ஆக மொத்தம் 38 கிலோ. பிரச்னை இல்லை. 'அப்படியே ஃப்ரெண்டோட கயாக்கையும் மேல போட்டுடலாமே' என்றால் 66 கிலோ. கூடவே கூடாது.

இன்னொரு விஷயம். சில சின்ன கார்களில் கூரையின் இரண்டு ஓரத்திலும் ரெயில் இருக்கும். அது வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டதாகவும் இருக்கலாம். எடை தாங்குமா என்று கேட்டுக்கொண்டு, உங்கள் கார் மாடலுக்கென்றே உள்ள கேரியரை வாங்குங்கள். இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட முடியுமோ, அவ்வளவு விடுங்கள். சின்ன கார்களில் இந்த இடைவெளி குறைவு என்பதால்தான் கயாக் தராசு மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது.

தனி ஆளாகத் தூக்கலாமா?

இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு முனை. கைப்பிடிக் கயிற்றை நம்பாமல், கயாக்கின் உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள். முதுகை வளைக்காமல், முட்டியை மடக்கி எழுந்திருங்கள்.

தனி ஆள் என்றால், மொத்த எடையையும் ஒரே மூச்சில் தூக்கவே தேவையில்லை. காருக்குப் பின்னால் கயாக்கை நீளவாக்கில் வையுங்கள். கூரையின் பின் ஓரத்தில் பழைய யோகா மேட்டை விரித்து, கயாக்கின் முன்முனையை அதன்மேல் சாய்த்து வையுங்கள். பிறகு பின்முனையைத் தூக்கி, கம்பிகளின் மேல் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி எடைதான். ஆனால், பின்பக்கம் ஸ்பாய்லர் உள்ள கார் என்றால் இந்த வழி வேண்டாம். ஸ்பாய்லரிலோ, பின் கண்ணாடியிலோ பாரம் இறங்கினால் செலவுதான். பக்கவாட்டிலிருந்து ஒரு முனையைக் கம்பியின் மேல் ஏற்றிவிட்டு, மறுமுனையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளலாம்.

ஏற்றுவதற்கு முன்பே துடுப்பு, பை எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துவிடுங்கள். பின்பக்கக் கயிற்றைக் கட்டிய பிறகு டிக்கியைத் திறக்க முடியாது!

கவிழ்த்து வையுங்கள்

கயாக்குக்கென்று தனிப் பிடிப்பான்கள் இருந்தால், அதில் சொன்னபடி நிமிர்த்தியோ சாய்த்தோ வைக்கலாம். வெறும் கம்பிதான் என்றால் கவிழ்த்து வைப்பதே நல்லது. மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. கம்பிகளுக்கு ஃபோம் உறை போட்டுவிடுங்கள். கயாக்கின் நடுப்பகுதி இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

கயிறு அல்ல, ஸ்ட்ராப்

முதல் தடவை நானும் துணி காயப்போடும் நைலான் கயிற்றைத்தான் நம்பினேன். வீட்டில் கட்டும்போது வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று இருந்தது. வழியில் ஒரு தூறல். நைலான் நனைந்தால் தளரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால், மேலே ஏதோ 'தட் தட்'டென்று அடிக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தால் கயாக் ஒரு சாண் நகர்ந்திருந்தது. பாலத்து மேலே கடல் காற்று வேறு. நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

ஒரு அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை, அதில் கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள். இதுபோல் இரண்டு போதும். பட்டையை கயாக்கின் மேலே போட்டு, கம்பிக்கு அடியில் நுழைத்து, மறுபடி மேலே கொண்டுவந்து இழுங்கள். லாரிகளில் பயன்படுத்தும் ராட்செட் வேண்டாம். அதன் இறுக்கம் பிளாஸ்டிக்கை நசுக்கிவிடும். நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது அந்தப் பள்ளம் அப்படியே தங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. பட்டையில் ஒரே ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால், காற்றில் அது 'உய்ங்' என்று கத்துவது அடங்கும்.

இப்போது கயாக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கயாக்கோடு சேர்ந்து காரும் ஆட வேண்டும். கயாக் மட்டும் ஆடினால், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

மூக்குக்கும் வாலுக்கும் ஒரு கட்டு

பலர் சோம்பல்படுவது இங்கேதான். முன் முனையிலிருந்து ஒரு கயிறு, பின் முனையிலிருந்து ஒரு கயிறு. இரண்டையும் காரின் டோ ஹூக் போன்ற உறுதியான இடத்தில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பம்பர், கிரில் பக்கம் போகாதீர்கள். பட்டை ஒன்று அறுந்தாலும் கயாக் ரோட்டுக்குப் போகாமல் பிடிப்பது இந்தக் கயிறுகள்தான். விறைப்பாக இழுக்க வேண்டாம், தொய்வில்லாமல் இருந்தால் போதும். மீதிக் கயிறு தொங்கக் கூடாது. அது முன் சக்கரத்தில் மாட்டினால் கயாக்கை முன்பக்கமாக இழுத்துவிடும்.

ரோட்டில் போகும்போது...

காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 90-ல் இரண்டேகால் மடங்கு அதிகம். எனவே 60, 70-க்குமேல் வேண்டாம். மேலே பாரம் இருப்பதால் வளைவில் கார் கூடுதலாகச் சாயும், பிரேக் பிடிக்கவும் கூடுதல் தூரம் தேவைப்படும். பஸ்ஸோ லாரியோ உரசுகிற மாதிரி ஓவர்டேக் செய்யும்போது ஒரு தள்ளு தள்ளும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஈ.சி.ஆர் போன்ற கடற்கரைச் சாலைகளில் மதியத்துக்குமேல் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். முடிந்தவரை அதற்குமுன் திரும்பிவிடுங்கள். மால் பார்க்கிங்கில் நுழையும்முன் உயரப் பலகையைப் பார்க்க மறக்காதீர்கள்.

திரும்பும்போது கயாக்கின் வடிகால் மூடியைத் திறந்து, உள்ளே புகுந்த தண்ணீரை முழுசாக வடித்துவிடுங்கள். 5 லிட்டர் தண்ணீர் என்றால் 5 கிலோ. அதுவும் பிரேக் போடும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஓடுகிற 5 கிலோ!

சட்டமும் பார்க்கும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவைத் தாண்டி பக்கவாட்டிலோ, முன்பின்னோ, உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதை இறக்கிவைக்கும் செலவும் உங்களுடையதே. நம்மூர்ச் சின்ன கார்கள் 4 மீட்டருக்கு உட்பட்டவை. 10 அடி கயாக் என்றால் ஏறக்குறைய 3 மீட்டர், சமாளிக்கலாம். 14 அடி கயாக் காரைவிட நீளம். அதற்குச் சின்ன காரை நினைக்காதீர்கள். வால் கொஞ்சம் நீட்டினாலும் சிவப்புத் துணி கட்டுங்கள்.

இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறதா? காற்றடைக்கும் கயாக் இருக்கிறது. மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கூரைக்கு வேலையே இல்லை.

கூரையில்தான் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. லாரி டிரைவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? டீ குடிக்க நிறுத்தினால்கூட, வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்து, கயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கிளம்பிய பத்தாவது கிலோமீட்டரில் நீங்களும் ஓரமாக நிறுத்தி, பட்டையையும் கயிற்றையும் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பின்னால் பைக்கில் வருகிறவருக்கு உங்கள் கட்டைப் பற்றி எதுவும் தெரியாது. அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.