சக்கரம் சுழலும் முன்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சாயம் மங்கிய பழைய லேண்ட் ரோவர் வாகனங்கள் காய்கறிக் கூடைகளைச் சுமந்தபடி செங்குத்தான மண்பாதைகளில் ஊர்ந்து ஏறும். நம் கண்ணுக்கு அவை வெறும் காய்கறி வண்டிகள். ஆனால், அதே நிறுவனத்தின் வாகனங்கள் இரண்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலிருந்து தரைவழியாகவே சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

அவற்றை ஓட்டி வந்தவர்கள் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள். 1955 செப்டம்பர் 1ஆம் நாள் புறப்பட்டு, 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். அவர்களிடம் பெரும்பணம் இருக்கவில்லை. வாகனங்களை ரோவர் நிறுவனம் கொடுத்தது. உணவையும் கருவிகளையும் பல நிறுவனங்கள் வழங்கின. பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து உதவினார். முன்பின் அறியாத இளைஞர்களை நம்பி இவ்வளவையும் யார் கொடுப்பார்? எந்த நாள் எங்கே இருப்போம், யார் எந்த வேலையைச் செய்வார் என்று சொல்லக்கூடிய திட்டம் கையில் இருந்தால்தான் இது நடக்கும். ஒருவர் இயந்திரத்தைக் கவனித்தார். ஒருவர் உணவைக் கவனித்தார். ஒருவர் படம் பிடித்தார்.

அவர்கள் செப்டம்பரில் புறப்பட்டதையும் நாம் கவனிக்க வேண்டும். பயணத்தின் கடினமான பகுதி பர்மா, அதாவது இன்றைய மியன்மார். அசாமிலுள்ள லேடோவிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் சாலை இரண்டாம் உலகப் போரின்போது வெட்டப்பட்டது. போருக்குப் பின் அது கவனிப்பாரற்றுக் காடேறிக் கிடந்தது. மே மாதம் பருவமழை தொடங்கிவிட்டால் அங்கே ஆறுகள் பெருகும், மண் சேறாகும். செப்டம்பரில் கிளம்பினால் வறண்ட மாதங்களில் அப்பகுதியைக் கடந்துவிடலாம். இரண்டு மூன்று மாதம் தாமதித்துக் கிளம்பியிருந்தால், எவ்வளவு திறமையான ஓட்டுநராக இருந்தாலும் ஏதாவதோர் ஆற்றங்கரையில் மழை ஓயும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

இன்று ஈப்போவிலிருந்து நான்கு நண்பர்கள் ஒரு நான்கு சக்கர இயக்க வாகனத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்று, அதற்கும் அப்பால் தோங் பா பூம் மலைக்காட்டுப் பாதைகளில் ஓட்ட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேராக் தமிழர்களுக்கு அவ்வழி புதியதன்று. 1942க்கும் 1943க்கும் இடையில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில் பாதையை அமைக்க, ஜப்பானிய இராணுவம் நம் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அப்பகுதிக்குத்தான் கொண்டு சென்றது. பலர் திரும்பவில்லை. அந்தப் பாதையின் ஓரமாகப் பயணம் செய்யும்போது ஒரு நாளையாவது அதன் நினைவிடங்களுக்கென ஒதுக்குவது பொருத்தம்.

முதல் வேலை தாள்களைச் சேர்ப்பது. கடப்பிதழ், வாகன உரிமைச் சான்று, சாலை வரி, தாய்லாந்தில் செல்லுபடியாகும் காப்புறுதி ஆகியவை வேண்டும். வாகனம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும், வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும் தேவைப்படும். நம் வாகனமோட்டும் உரிமம் அங்கே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட உடன்படிக்கையே அதற்குக் காரணம். புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டியதும் தாய்லாந்துச் சுங்கத்துறை, வாகனத்தைத் தற்காலிகமாகக் கொண்டுவந்ததற்கான தாள் ஒன்றைத் தரும். திரும்பும்போது அதை ஒப்படைக்க வேண்டும்.

இந்தியாவரை வாகனத்தை ஓட்டிச் செல்ல நினைத்தால் இவை போதா. அதற்குக் ‘கார்னே’ எனப்படும் சுங்க ஏடு தேவை. மலேசியாவில் இதனை மலேசிய வாகனமோட்டிகள் சங்கம் வழங்குகிறது. வாகனத்தை வெளிநாட்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான உறுதிமொழி என இதைக் கருதலாம். ஒவ்வோர் எல்லையிலும் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும் கட்டிய பிணைத்தொகைக்கு ஆபத்து வரும். காட்டில் சேற்றுக்கு அஞ்சாதவர்கள்கூட இந்த முத்திரைக்கு அஞ்ச வேண்டும்.

அடுத்தது கணக்கு. மண்பாதையில் மட்டும் 400 கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம். சேற்றிலும் ஏற்றத்திலும் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் எண்ணெய் செலவாகும் எனக் கொண்டால் 80 லிட்டர் தேவை. வழி தவறினால், திரும்பி வர நேர்ந்தால் பயன்பட 20 லிட்டர் கூடுதலாக வேண்டும். வாகனத்தின் கலம் 75 லிட்டரே கொள்ளும் எனில் மீதி 25 லிட்டரைத் தனிக் கலன்களில் எடுத்துச் செல்ல வேண்டும். மலேசியாவின் மானிய விலை எண்ணெயைக் கலன்களில் நிரப்பி எல்லைக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். எனவே, கலன்களை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்ப வேண்டும்.

தண்ணீர் இன்னும் கனமானது. ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், நால்வருக்கு மூன்று நாளைக்கு 60 கிலோகிராம். அதனுடன் ஆட்கள், கூடாரம், அடுப்பு, உணவு, கருவிகள், மாற்றுச் சக்கரங்கள் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, வாகனம் தாங்கக்கூடிய எடையோடு ஒப்பிட வேண்டும். புதிதாகப் பயணம் செல்வோர் பெரும்பாலும் கூரைமேல் சாமான்களை அடுக்கிவிடுகிறார்கள். கூரையில் எடை கூடினால், சரிவில் சாயும்போது வாகனம் எளிதில் கவிழும். கனமானவை கீழே, இரண்டு அச்சுகளுக்கு இடையே இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், தோட்டத்துச் செம்மண் சாலைகள் இன்னும் இருக்கின்றன. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, மழை பெய்த மறுநாள் அங்கே ஓட்டிப் பார்த்தால் போதும். அந்த மண் சவர்க்காரம்போல் வழுக்கும். டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் அது அகலமாகப் படிந்து மண்ணைப் பற்றிக்கொள்ளும் என்பதை அங்கே கண்ணால் காணலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும் என்பதால் சிறிய காற்றழுத்தக் கருவியும் உடன் இருக்க வேண்டும்.

சேற்றில் புதைந்த வாகனத்தை ‘வின்ச்’ கொண்டு இழுப்பதையும் பழக வேண்டும். கம்பியை மரத்தில் நேராகச் சுற்றினால் பட்டை அறுபட்டு மரம் சாகும். அகலமான பட்டைவாரைச் சுற்றி, அதில்தான் மாட்ட வேண்டும். இழுக்கும்போது கம்பிக்கு அருகில் ஒருவரும் நிற்கக்கூடாது. இறுகிய கம்பி அறுந்தால் சாட்டையாகச் சுழன்று ஆளைக் கொன்றுவிடும். ஆற்றைக் கடக்கும் முன் ஒருவர் கோலுடன் இறங்கி ஆழம் பார்க்க வேண்டும். கோலுடன் நடக்க முடியாத நீரோட்டத்தில் வாகனத்தை இறக்கலாகாது. அப்போது திரும்பலாம் என்று முடிவெடுப்பவர் யார் என்பதை ஈப்போவிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்தினால் பெரும்பாலும் துணிச்சல்காரரின் பேச்சே எடுபடும்.

1955இல் புறப்பட்ட வாகனங்களில் ஒன்றின் பெயர் ‘ஆக்ஸ்ஃபர்ட்’. பின்னாளில் அது செயிண்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்து, மீட்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டு 25ஆம் நாள் அதே வாகனம் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அன்றைய அறுவரில் ஒருவரான டிம் ஸ்லெசர், 87 வயதில் அதில் செல்வதாக இருந்தார். புறப்படும் வேளையில் அவர் நோயுற்றதால் அவருடைய இடத்தில் பேரன் அமர்ந்தார். மியன்மாரைக் கடந்து சென்ற அக்குழு, டிசம்பர் 14ஆம் நாள், 111 நாள் பயணத்திற்குப் பின் இலண்டனை அடைந்தது.

2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அவ்வழியை நம்பித் திட்டமிடுவது கடினமாகிவிட்டது. இப்போது மேற்கே செல்ல விரும்புவோர் லாவோஸ், சீனா வழியாகச் சிந்திக்க வேண்டியுள்ளது. சீனாவுக்குள் சொந்த வாகனத்தை ஓட்டத் தற்காலிக எண் பட்டையும், அந்நாட்டின் தற்காலிக ஓட்டுநர் உரிமமும், கூடவே வரும் உள்ளூர் வழிகாட்டியும் தேவை. மேசைமேல் இருக்கும் தாள்களின் எண்ணிக்கை இன்னும் கூடும்.