நடைப்பயிற்சியும் நாம் அறியாத பறவைகளும்

சென்ற இளவேனிற் காலத்தில் எம்மிடம் வந்த ஓர் அம்மாவின் குருதிச் சீனி, மூன்று மாதச் சராசரியில் நன்றாக உயர்ந்திருந்தது. மருந்திலும் உணவிலும் மாற்றமில்லை. துருவிக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. "டொக்டர் தம்பி, பூங்காவிலை ஒரு வெள்ளைக் காகம் கலைச்சுக் கலைச்சுக் கொத்துது. நான் இப்ப நடக்கப் போறேல்லை" என்றார்.

அவரைக் கலைத்தது காகம் அல்ல, அவுஸ்திரேலிய மக்பை. நீரிழிவு, குருதி அமுக்கம் உள்ளவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட நடை மருந்துக்குச் சமம். ஒரு பறவைக்குப் பயந்து அதைக் கைவிடலாமா? பறவையை அறிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும்.

எந்தப் பறவை?

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். பருமன், அலகு, கண், குரல் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

மக்பை: கறுப்பும் வெள்ளையும் கலந்தது. பிடரி வெண்மை, கண் செம்பழுப்பு. புல்லாங்குழல் போன்ற இனிய குரல்.

கறவோங்: உடல் பெரும்பாலும் கறுப்பு. கண் பளிச்சென்ற மஞ்சள்.

முகமூடி ஆட்காட்டி: முகத்தில் மஞ்சள் தொங்குசதை. ஊரில் வயல்வெளியில் கத்தும் ஆட்காட்டியின் உறவு. நிலத்தில் முட்டையிடுவதால் கிட்டப் போனால் பாய்ந்து வரும். இறக்கையில் உள்ள முள்ளில் நஞ்சு உண்டு என்பது வெறும் கதை.

குக்கபரா: சிரிப்பொலி எழுப்புவது. மீன்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கைத்தொலைபேசி வைத்திருப்போர், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் 'மேர்லின்' என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தலாம். பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

மக்பை ஏன் பாய்கிறது?

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது ஆண் பறவை காவல் காக்கிறது. ஆகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை இது அதிகம். குஞ்சுகள் பறந்ததும் அடங்கிவிடும். பெரும்பாலான மக்பைகள் எவரையும் தாக்குவதில்லை. ஆனால் அவை மனித முகங்களை நினைவில் வைத்திருக்கும். கல்லெறிந்தால் பகைதான் வளரும். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவைகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

1. அந்தச் சில கிழமைகளுக்கு வேறு தெருவால் நடவுங்கள்.
2. அகலத் தொப்பியும் கண்ணாடியும் அணியுங்கள். குடையும் நல்லது.
3. ஓடாதீர்கள். விழுந்து எலும்பு முறிவதே முதியவர்களுக்குப் பெரிய ஆபத்து. பறவையைப் பார்த்தபடி அமைதியாக விலகுங்கள்.
4. சைக்கிளில் வந்தால் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

காயம் பட்டால்

தோலில் கீறலானால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்.

கண்ணில் கொத்தினால் சிறு காயம் என்று வீட்டில் இருக்கவே கூடாது. கண் துளைபட்டிருக்கலாம் என்று தோன்றினால் கசக்கவோ, அழுத்தவோ, கழுவவோ வேண்டாம். சொட்டு மருந்தும் விடவேண்டாம். கடதாசிக் கோப்பை ஒன்றால் கண்ணைத் தொடாதவாறு மூடிக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது 000 அழையுங்கள்.

நோயுற்ற அல்லது இறந்த பறவைகளைக் கையால் தொட வேண்டாம். அவற்றுக்குப் பறவைக் காய்ச்சல் இருக்கக்கூடும்.

அந்த அம்மா இப்பொழுது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வேறு பாதையால் நடக்கிறார். அடுத்த பரிசோதனையில் சீனி இறங்கியிருந்தது. சீனி அளவு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில், அன்றன்று கண்ட பறவைகளின் பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறார். நாமும் எமது கொப்பியில் எழுதத் தொடங்குவோம்.