தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை

பெருநாளன்று அடுத்த வீட்டுக்கு ஒரு தட்டில் வட்டிலப்பம் அனுப்புகிறோம். இரண்டொரு நாளில் அந்தத் தட்டு நம் வீட்டுக்கு வந்து சேரும். வெறுமையாகவா வரும்? இல்லை! இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் தாய்மார் சொல்லாமலே சொல்லித் தந்த பாடம்.

ஊவா மலைநாட்டில் இந்தத் தட்டு மதம் பார்த்து நடந்ததில்லை. கீழே பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைக் கடைத்தெருக்களில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள். மேலே தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் மலையிலிருந்து இறங்கும். பெருநாளுக்கு வட்டிலப்பமும் தொதலும் மலை ஏறும்.

இந்தப் பழக்கத்தின் அருமையை எண்ணும்போதெல்லாம் மீரியபெத்த நினைவுக்கு வருகிறது.

அந்தப் புதன்கிழமை

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் நாம் ஹஜ்ஜுப் பெருநாள் கொண்டாடினோம். அதே மாதம் 22 ஆம் திகதி தீபாவளி. சரியாக ஒரு வாரம் கழித்து, 29 ஆம் திகதி புதன்கிழமை காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தின் மேல் மலை சரிந்து விழுந்தது. லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போனதால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், போக வேறு இடம் கொடுக்கப்படாத மக்கள் எங்கே போவார்கள்?

செய்தி பரவியதும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சோற்றுப் பொதிகளும் உலர் உணவும் உடுதுணியும் வந்தன. மதம் கேட்டு யாரும் கொடுக்கவில்லை. மதம் கேட்டு யாரும் வாங்கவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் சோற்றுப் பொதி சில நாட்களுக்குத்தான் வரும். தப்பியவர்களில் பல குடும்பங்கள் மாகல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தன. மாகல்தெனிய தோட்டத்தில் கட்டிய 75 வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. அந்த ஆண்டுத் தீபாவளி எந்த நாளில் வந்தது தெரியுமா? ஒக்டோபர் 29! விளக்கேற்ற வேண்டிய நாளும் இறந்தவர்களை நினைத்து அழ வேண்டிய நாளும் ஒன்றாகவே வந்தன.

கடனில் வரும் பண்டிகை

தோட்டத் தொழிலாளியின் பண்டிகையைப் பற்றி நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தீபாவளிக்குத் தோட்டத்தில் கொடுப்பது 'முற்பணம்'. அது அன்பளிப்பு அல்ல, கடன். பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மீரியபெத்த சரிந்த 2014 இல் ஒரு தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளுக்குப் புதுத்துணி, வீட்டுக்கு எண்ணெய், மா, சர்க்கரை எல்லாம். முற்பணம் போதாவிட்டால் கடைத்தெருவில் கடன் கொப்பி திறக்கும்.

அந்தக் கொப்பி பல ஊர்களில் நம்மவர் கடையில் இருக்கிறது, சகோதரிகளே! கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுக்கவும் சொல்வது நமது மார்க்கம். பண்டிகை முடிந்த மறுவாரம் கொப்பியை எடுத்துக்கொண்டு நிற்காமல் இருப்பதும் ஒரு தர்மம்தான். உங்கள் கணவரிடம் இதை எடுத்துச் சொல்ல உங்களைவிட யார் உண்டு?

கொடுப்பதிலும் ஒரு பக்குவம்

பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ராவைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏன்? ஏழை வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்போடு சேர்ந்தே எரிய வேண்டும் என்பதற்காக. ஃபித்ரா நம் ஏழைகளுக்குரியது. ஆனால் அதிலுள்ள பாடம் எல்லாக் கொடைக்கும் பொருந்தும். தோட்டத்துச் சகோதரிக்கு உதவ நினைத்தால், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னரே ஸதகாவிலிருந்து அரிசியும் மாவும் கொடுத்துப் பாருங்கள். அவள் வாங்கும் கடன் அந்த அளவுக்குக் குறையும்.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அண்டை வீட்டார் என்றால் மதம் பார்ப்பதில்லை.

ஆனால் அனுப்பும்போது அவர்கள் மனத்தையும் பார்க்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாத வீட்டுக்கு குர்பான் இறைச்சி அனுப்புவது அன்பாகாது. வட்டிலப்பத்தில் முட்டை சேர்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவருக்கு அன்று அது ஆகாது. ஜவ்வரிசிப் பாயாசமோ பேரீச்சம்பழமோ அனுப்பலாமே! அவர்களும் நமக்காக இப்படிப் பார்க்கிறார்கள். "சாமிக்குப் படைக்க முன்னமே உங்களுக்குன்னு எடுத்து வச்சதும்மா" என்று சொல்லிப் பலகாரம் தரும் இந்துத் தாய்மார் மலையகத்தில் எத்தனை பேர்! அந்த ஒரு சொல்லில் எவ்வளவு மரியாதை!

கொடுப்பதைவிடக் கடினமானது வாங்கிக்கொள்வது. ஏழை வீட்டு முறுக்கு நான்கே ஆனாலும் முகமலர்ச்சியோடு வாங்குங்கள். நாம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் கையேந்துபவர் ஆகிவிடுவார். அவரும் கொடுக்க நாம் வாங்கினால்தான் அவர் அயலவர்.

கடல் கடந்தும் இதே கதை

பசிபிக் கடலில் ஹவாய் என்ற தீவுகள் உள்ளன. அங்கும் நம் தோட்டங்களைப் போலவே கரும்புத் தோட்டங்களுக்குப் பல நாட்டுக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். சீனர், ஜப்பானியர், போர்த்துக்கீசர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் எனப் பலரும் மதிய இடைவேளையில் தூக்குச்சட்டிகளைத் திறந்து ஒருவர் கறியை ஒருவர் சுவைத்தார்கள். பல நாட்டுக் கறிகளும் ஒரே தட்டில் சேர்ந்த சாப்பாடுதான் இன்று அத்தீவுகளின் அடையாளம். மொழி புரியாதவர்களையும் ஒரு கவளம் சோறு உறவாக்கிவிடுகிறது.

மழை மீண்டும் வரும்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வீசியபோதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. மீண்டும் உயிர்கள் போயின. இனியும் மழை வரும். அப்போது முன்பின் தெரியாதவருக்குச் சோற்றுப் பொதி கொடுப்பது நல்லது. அதைவிட நல்லது, மழைக்கு முன்பே அவரைத் தெரிந்து வைத்திருப்பது. எந்த லயத்தில் எத்தனை பிள்ளைகள், யார் வீட்டில் நோயாளி, யார் தனியாக இருக்கும் முதியவர் என்பதெல்லாம் தட்டோடு போய் வருபவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் அவிக்கும்போது ஒரு கிண்ணம் கூடுதலாக ஊற்றுங்கள். உங்கள் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். திரும்பி வரும் தட்டில் என்ன இருந்தாலும் அந்தப் பிள்ளை அதை மறக்காது, இன்ஷா அல்லாஹ்!